வீட்டுக்கு ஆயிரம் வெள்ளி, சங்கத்துக்கு?

2023 மார்ச் தொடக்கத்தில் விடாமல் பெய்த மழையில் ஜொகூரின் சிகாமட், பத்து பகாட், குளுவாங் வட்டாரங்கள் நீரில் மூழ்கின. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களில் தஞ்சம் புகுந்தனர். யோங் பெங் பக்கம் தண்ணீர் வடியவே வாரக்கணக்கானது. 2006 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் இருமுறை மூழ்கிய கோத்தா திங்கிக்காரர்களுக்கு இந்த அவதி பழகியதுதான்.

பள்ளி மண்டபத்தில் மையம் திறந்ததும் முதல் வேலை பதிவு. குடும்பத் தலைவரின் அடையாள அட்டை எண், முகவரி, உடன் வந்தவர் எத்தனை பேர் என எல்லாம் ஏட்டில் ஏறும். 'வாங் இஹ்சான்' எனும் 1,000 வெள்ளி உதவித்தொகைக்கு இந்தப் பதிவு பெரிதும் கைகொடுக்கும். 2015இல் அமைந்த தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனமான நாட்மா இத்தொகையை வழங்குகிறது.

பணம் குடும்பத்துக்குத்தான். அண்டா அண்டாவாகச் சோறு வடித்த கோயில் மண்டபமும், படகு பிடித்துப் பொட்டலம் கொண்டுபோன இளைஞர் மன்றமும் இந்தக் கணக்கில் வராது.

அப்படியானால் சங்கங்கள் எங்கே கேட்பது? இந்தியச் சமூக உருமாற்றப் பிரிவான மித்ரா தருவது போன்ற அரசு மானியங்கள் உண்டு. பெருநிறுவனங்களின் நன்கொடையும் உண்டு. எங்கே போனாலும் முதலில் கேட்பது பதிவுச் சான்றிதழ். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். பதிந்தபின்தான் சிக்கல்: ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் கணக்கும் அறிக்கையும் சங்கப் பதிவிலாகாவுக்குப் போகவேண்டும். தவறினால் பதிவே ரத்தாகலாம்.

அடுத்தது வரிவிலக்கு. வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுப்பவர், தம் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடுவரை கழித்துக்கொள்ளலாம். வரிவிலக்கு ரசீது தரமுடியாத சங்கத்துக்குப் பெரிய நிறுவனங்கள் எளிதில் கை கொடுப்பதில்லை. தெருவில் உண்டியல் குலுக்கவும் போலீஸ் அனுமதி வேண்டும். 1947ஆம் ஆண்டிலேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. சேதமடைந்த பொதுநல அமைப்புகளின் கட்டடங்களைப் பழுதுபார்க்க, தகுதியுள்ள செலவில் குறைந்தது 75 விழுக்காட்டை மத்திய அரசு ஏற்கும். ஆனால் வழிபாட்டுக்கே பெரிதும் பயன்படும் கட்டடங்கள் இந்த உதவியிலிருந்து விலக்கப்பட்டிருந்தன. 2017இல் ஹார்வி புயலில் சேதமடைந்த மூன்று டெக்சஸ் தேவாலயங்கள் வழக்குத் தொடுத்தன. 2018 ஜனவரியில் பேரிடர் நிறுவனமான ஃபீமா விதியை மாற்றியது. பிப்ரவரியில் அது சட்டமாகவும் ஆனது. அங்கும் வரிவிலக்குச் சான்றும், கட்டடத்துக்குப் பொறுப்பு யார் என்பதற்கான ஆவணமும் இல்லாமல் விண்ணப்பம் நகராது.

ஜொகூரில் வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கும். சங்கச் செயலாளர்கள் அதற்குள் முடிக்கவேண்டியவை மூன்று: நிலுவையிலுள்ள ஆண்டறிக்கைகளை அனுப்புவது, பதிவுச் சான்றிதழையும் வங்கிக் கணக்கு விவரங்களையும் ஸ்கேன் செய்து இரண்டு பேர் கைப்பேசியில் வைப்பது, மாவட்டப் பேரிடர் குழுவின் தலைவரான மாவட்ட அதிகாரியின் அலுவலகத்தில் சங்கத்தின் பெயரையும் தொண்டர் பட்டியலையும் கொடுத்துவைப்பது.