சாகசப் பயண வீட்டு ஊர்திகள்

சாகசப் பயண வீட்டு ஊர்தி என்பது வேன் அல்லது சிறிய டிரக்கில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி முதலியவற்றைப் பொருத்தி, கரடுமுரடான பாதையிலும் செல்லுமாறு அமைக்கப்படும் வாகனம் ஆகும்.

இதன் முன்னோடிகளுள் புகழ்பெற்றது செருமனியின் ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேன். வெஸ்ட்பாலியா நிறுவனம் 1951-இல் இதற்கெனக் கழற்றி மாட்டக்கூடிய அலமாரியும் படுக்கையும் கொண்ட பெட்டியை உருவாக்கியது. வேலை நாளில் சரக்கு வண்டி, விடுமுறையில் வீடு. 1980களில் 'சின்க்ரோ' என்ற நான்கு சக்கர இயக்க வகையும் வந்தது. இன்று மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர் போன்ற வேன்களும் பிக்கப் டிரக்குகளும் அடித்தளமாகின்றன. பிக்கப்பின் பின்தட்டில் ஏற்றும் கூண்டை வேண்டாதபோது இறக்கி வைக்கலாம்.

வாங்குவோர் பலர் கவனிக்கத் தவறுவது எடை. ஐரோப்பாவில் சாதாரண கார் உரிமத்துடன் ஓட்டத்தக்க வாகனத்தின் மொத்த எடை வரம்பு நெடுங்காலமாக 3,500 கிலோ. வண்டி, பயணிகள், எரிபொருள், உணவு அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும். 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ! பாரம் மிகுந்தால் பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கும் தூரம் கூடும். டயர் சூடேறி வெடிக்கவும் கூடும்.

கூரை உயர்ந்தால் ஈர்ப்பு மையமும் உயரும்; பக்கச் சரிவில் கவிழும் ஆபத்து அதிகம். எனவேதான் நிறுத்தியபின் தூக்கிக்கொள்ளும் மடிப்புக் கூரையைப் பலர் விரும்புகின்றனர். ஆனால் அதன் துணிச் சுவர் குளிரைத் தடுக்காது. அதற்காக அடுப்பை எரியவிட்டு உறங்குவது உயிருக்கே ஆபத்து: மூடிய வண்டியில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. இதனை உணர்த்தும் எச்சரிக்கைக் கருவி படுக்கைக்கு அருகில் இருத்தல் வேண்டும்.