உங்க செஸ் என்ஜினுக்கு நீங்களே ஒரு ஓப்பனிங் புக்

செஸ் ப்ரோகிராம் எழுதியாச்சு. காய்கள் விதிப்படி நகருது, ஆல்ஃபா-பீட்டா தேடலும் ஓடுது. ஆனா ஆட்டம் ஆரம்பிச்சதும் என்ன பண்ணுது? முதல் நகர்வுக்கே ஏகப்பட்ட நேரம் யோசிச்சு குதிரையை வெளியே எடுக்குது. ரெண்டு நகர்வு கழிச்சு அதே குதிரையைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகுது. மினி ப்ராஜெக்டுக்கு செஸ் என்ஜின் எடுத்தவங்களுக்கு இது நல்லாவே தெரிஞ்ச காட்சி.

தப்பு உங்க கோடில் இல்லை. தொடக்க நிலையில் வெள்ளைக்கு 20 நகர்வுகள். கறுப்பும் ஒருமுறை ஆடினால் 400 வழிகள். இருவரும் இரண்டு முறை ஆடினால் 1,97,281. ஒரு தொடக்கம் நல்லதா கெட்டதா என்பது பல நகர்வுகள் கழித்துத்தான் தெரியும். உங்க தேடல் அதுக்கு முன்னாடியே நின்னுடும். அதனால், மனிதர்கள் ஆடி ஆடிக் கண்டுபிடிச்சதை ஒரு ஃபைலில் போட்டு என்ஜின் கையில் கொடுக்கிறோம். அதுதான் ஓப்பனிங் புக்.

ஒரு புக் என்ன செய்யும்?

1997 மே 11. ஐபிஎம்-மின் டீப் ப்ளூவுக்கும் கேரி காஸ்பரோவுக்கும் ஆறாவது, கடைசி ஆட்டம். காஸ்பரோவ் காரோ-கான் தற்காப்பு ஆடுறார். ஏழாவது நகர்வில் எச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுறார். டீப் ப்ளூ உடனே தன் குதிரையைக் கொடுத்து இ6 சிப்பாயை வெட்டுது. கொடுத்த காய்க்குப் பலன் உடனே கிடைக்காது. எதிரி ராஜாவுக்கு நீண்ட நேரம் நெருக்கடி, அவ்வளவுதான். இப்படிப்பட்ட நகர்வைக் கணக்குப் போட்டே கண்டுபிடிப்பது அன்றைய ப்ரோகிராம்களுக்குக் கஷ்டம். டீப் ப்ளூவும் அதைக் கண்டுபிடிக்கலை. அது புக்கில் இருந்தது. ஜோயல் பெஞ்சமின் உள்ளிட்ட கிராண்ட்மாஸ்டர்கள் சேர்ந்து தயாரித்த புக் அது. 19 நகர்வில் ஆட்டம் முடிஞ்சது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிங்க. புக் அந்தக் குதிரையைக் கொடுத்துட்டு ஒதுங்கிடுச்சு. அதுக்கப்புறம் ஜெயிச்சுக் காட்டியது என்ஜின். புக் கொண்டுபோய் விடும் இடத்தில் என்ஜினுக்கு ஆடத் தெரியணும். மத்த எல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

ஃபைலுக்குள் என்ன இருக்கு?

நீங்களே புது ஃபார்மேட் கண்டுபிடிக்க வேண்டாம். ஃபேபியன் லெட்டூஸி எழுதிய பாலிகிளாட் ஃபார்மேட் எளிமையானது, பல செஸ் மென்பொருள்கள் அதைப் படிக்கும். ஒரு பதிவுக்கு 16 பைட். முதல் 8 பைட் நிலையின் ஹாஷ் எண், அடுத்த 2 பைட் நகர்வு, அடுத்த 2 பைட் எடை, கடைசி 4 பைட் கற்றலுக்கு. ஒரு லட்சம் பதிவு போட்டாலும் 1.6 எம்பிதான். ஹாஷ் வரிசையில் அடுக்கியிருப்பதால் பைனரி தேடலில் 17 படிக்குள் கண்டுபிடிச்சுடலாம்.

நகர்வுகளின் வரிசையைச் சேமிக்காமல் நிலையைச் சேமிப்பது ஏன்? வெள்ளை டி4, கறுப்பு குதிரை எஃப்6, வெள்ளை சி4 என்று ஆடினாலும், முதலில் சி4, பிறகு டி4 என்று ஆடினாலும் பலகை ஒன்றுதான். ஹாஷ் வைத்தால் இரண்டுக்கும் ஒரே பதிவு போதும்.

ஹாஷ் எண்ணை சோப்ரிஸ்ட் முறையில் 781 ரேண்டம் எண்களை வைத்துக் கணக்கிடணும்: காய்களுக்கு 768, காஸ்லிங் உரிமைக்கு 4, ஆன்-பாசான் வரிசைக்கு 8, யார் முறை என்பதற்கு 1. அந்த எண்கள் பாலிகிளாட் ஆவணத்தில் உள்ள அதே எண்களா இருக்கணும். இங்கே பலரும் மாட்டுற இடங்கள் மூணு:

1. ஆன்-பாசான் எண்ணை எதிரி சிப்பாய் பக்கத்தில் நின்னால் மட்டுமே சேர்க்கணும். எப்பவும் சேர்த்தால், மேலே சொன்ன ஒரே நிலைக்கு இரண்டு ஹாஷ் வரும்.
2. காஸ்லிங்கை, ராஜா தன் யானையையே வெட்டுவது போல எழுதியிருக்கும்: இ1-இலிருந்து எச்1.
3. எண்கள் பிக்-எண்டியன் முறையில் இருக்கும். உங்க லேப்டாப் பெரும்பாலும் லிட்டில்-எண்டியன்.

ஆவணத்தில் சோதனை நிலைகளும் அவற்றின் ஹாஷ் எண்களும் இருக்கு. அத்தனையும் பொருந்தின பிறகு அடுத்த வேலைக்குப் போங்க.

எந்த ஆட்டங்களைப் போடுறது?

லிச்செஸ் தளம் மாதாமாதம் ரேட்டட் ஆட்டங்களை இலவசமாகத் தருது. அப்படியே அள்ளிப் போட்டுடாதீங்க. பாலிகிளாட் எடை போடும் முறை: ஜெயித்தால் 2, சமன் என்றால் 1, தோற்றால் 0. இப்போ புதுசா ஆடுறவங்களோட ஆட்டங்களை நினைச்சுப் பாருங்க. இரண்டாவது நகர்விலேயே ராணியை எச்5-க்குக் கொண்டுவந்து நாலு நகர்வில் மேட் வைக்கப் பார்ப்பாங்க. எதிரியும் கத்துக்குட்டி என்பதால் அது நிறைய ஜெயிக்கும். புக்கில் அதுக்கு நல்ல எடை ஏறிடும். அதனால் இரண்டு பேருக்கும் ரேட்டிங் வரம்பு வையுங்க, புல்லட் ஆட்டங்களைத் தள்ளுங்க, ஓரிரு ஆட்டத்தில் மட்டும் வந்த நகர்வுகளை வெட்டுங்க. ஆழத்துக்கு 16 முதல் 20 அரைநகர்வு ஆரம்பத்துக்குப் போதும்.

இனிமேல்தான் 'உங்க' புக்

இதுவரை செய்தது யாருக்கும் பொருந்தும் ரெடிமேட் சட்டை. உங்க என்ஜினுக்கு அளவெடுக்க ஒரே வழிதான். புக் முடியும் ஒவ்வொரு நிலையையும் எடுத்து, உங்க என்ஜினையே ஒரு நிமிஷம் யோசிக்க விடுங்க. தன் பக்கம் அரைச் சிப்பாய்க்கு மேல் நஷ்டம்னு சொன்னால் குறிச்சுக்குங்க. அதே நிலையை ஸ்டாக்ஃபிஷ்ஷிடமும் கேளுங்க. அதுவும் நஷ்டம்னு சொன்னால் அந்த வழியே தப்பு, தூக்கிடுங்க. ஸ்டாக்ஃபிஷ் நல்லா இருக்குன்னு சொல்லி உங்க என்ஜின் மட்டும் பயந்தால், வழி சரிதான்; ஆனா உங்க என்ஜினுக்கு அங்கே ஆடத் தெரியாது. அதோட எடையையும் குறைங்க. காய் பலியிடும் கேம்பிட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் மாட்டும். காய்க் கணக்கு மட்டும் தெரிஞ்ச என்ஜினுக்கு அமைதியான வழிகளே நல்லது.

ரிப்போர்ட் எழுதும் முன்

ரேண்டம் எதுவும் இல்லாத இரண்டு வெர்ஷன்களை ஒரே ஆழத்தில் புக் இல்லாமல் நூறு ஆட்டம் மோதவிட்டால், திரும்பத் திரும்ப அதே ஆட்டம்தான் வரும். அதை வைத்து "புது வெர்ஷன் பெட்டர்"னு ரிவ்யூவில் சொன்னால், அது நூறு ஆட்டத்தின் முடிவு ஆகாது. சோதனைக்குத் தனி புக் வையுங்க: சமநிலையான, விதவிதமான சின்னத் தொடக்கங்கள், ஒவ்வொன்றையும் நிறம் மாற்றி இரண்டு முறை. அளவெடுத்துத் தைத்த புக்கைப் போட்டிக்கு மட்டும் எடுங்க. என்ஜின் வளர வளர அதன் அளவும் மாறும். தேடலையோ மதிப்பீட்டையோ மாத்தினா, அந்தக் கடைசி நிலைகளை மறுபடி ஒருமுறை ஓட்டிப் பாருங்க.