பெயரும் கைரேகையும்

பெயர் ஒன்றாயிருந்தால் பொருளும் ஒன்றாகிவிடுமா? நம் விடுதிகளில் மென்பொருள் கோப்புகள் பென்டிரைவ் ஏறி அறைக்கு அறை பயணம் செய்கின்றன. பெயரைப் பார்த்தே நம்பிவிடுகிறோம். பெயரையோ யாரும் மாற்றலாம். ஆகவே, உள்ளிருப்பதைக் கொண்டே கோப்பை அடையாளங் காணும் முறையை இங்கு விளக்க விரும்புகிறேன்.

அதற்கு 'ஹாஷ்' என்று பெயர். கணிப்பொறிக்கு எந்தக் கோப்பும் எண்களின் நீண்ட வரிசையே. அவ்வரிசை முழுவதையும் ஒரு குறித்த கணக்கில் இட்டுச் சுருக்குகிறார்கள். ஷா-256 என்னும் முறையில், ஒரு வரிக் கடிதமாயினும் பல ஜிகாபைட் லினக்ஸ் தொகுப்பாயினும் விடை 64 குறிகளே. அதே கோப்புக்கு எங்கு கணக்கிட்டாலும் அதே விடை. ஓரெழுத்து மாறினாலோ விடை முற்றிலும் வேறு. இதனைக் கோப்பின் கைரேகை என்னலாம்.

அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், மென்பொருள்களைச் சேகரித்து அவற்றிலுள்ள கோப்புகளின் ஹாஷ்களைப் பட்டியலாக வெளியிடுகிறது. கைப்பற்றிய கணிப்பொறியில் இலட்சக் கணக்கான கோப்புகள் இருக்கும். பட்டியலில் உள்ளவற்றை ஒதுக்கிவிட்டு, எஞ்சியவற்றைப் புலனாய்வாளர் ஆராய்கின்றனர்.

இரு வேறு கோப்புகளுக்கு ஒரே கைரேகை அமையாதா என்று நண்பர் சிலர் என்னைக் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. எம்.டி.-5 என்னும் பழைய முறையில் அத்தகைய இணைகளைச் சீன அறிஞர்கள் 2004-இல் காட்டினர். ஷா-1 முறையில் கூகிளும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வுக்கூடமொன்றும் 2017-இல் காட்டின. ஷா-256 முறையிலோ, வரக்கூடிய விடைகளின் தொகையே 78 இலக்கம் கொண்டது. ஆங்கே அத்தகைய இணையை எவரும் கண்டதில்லை.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் இணையதளத்துள் புகுந்தவர்கள், பதிவிறக்க இணைப்பை நச்சுக் கோப்பின்பால் திருப்பிவிட்டனர். இணைப்பை மாற்றியவன் அதே பக்கத்திலுள்ள ஹாஷையும் மாற்றலாமன்றோ? அதனாலேயே டெபியன் போன்றோர் ஹாஷ் பட்டியலுக்கு மின் கையொப்பமும் இடுகின்றனர். கையொப்பம் சரியெனில் பட்டியலை நம்பலாம். பட்டியலோடு ஒத்தால் கோப்பை நம்பலாம்.

ஹாஷ் ஒத்திருந்தால் 'இது அதுவே' என்று பொருள்; 'இது நல்லது' என்று பொருளன்று. தந்தவர் யார் என்பதையும் நாம்தான் ஆராய வேண்டும்.

அன்பர்களே, லினக்சில் 'ஷா256சம்' என்னும் ஒரு கட்டளை போதும். சில நொடி வேலை. நிறுவுமுன் ஒப்பிட்டுப் பார்ப்போமாக.