கம்பி வழியும் அலை வழியும்

வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து விளையாடப்படும் கருவியைக் கன்சோல் என்பர். அதன் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் சதுர வடிவமான சிறு துளையொன்று தென்படும். இணையத்தோடு கருவியைச் சேர்க்கும் கம்பி செருகப்பட வேண்டிய இடம் அதுவாகும். பல இல்லங்களில் அத்துளை வெறுமையாகவே இருக்கின்றது. வை-ஃபை என்னும் கம்பியில்லா முறை வந்த பின்பு, கம்பியை இழுத்து வரும் தொல்லை எதற்கு என்று மக்கள் எண்ணத் தலைப்பட்டனர். ஆயினும், இணையத்தின் வழியே பிறரோடு போட்டியிட்டு விளையாடுவோரில் தேர்ந்தவர்கள் இன்றும் அந்தத் துளையைத் தேடிக் கம்பியைச் செருகுகின்றனர். அவர்கள் பழமை விரும்பிகள் அல்லர். புதிய கருவி எதுவாயினும் முதலில் வாங்குவோர் அவர்களே. அங்ஙனமிருக்க, அவர்கள் கம்பியை நாடுவதற்குக் காரணம் யாது?

வேகம், தாமதம் என்னும் இரண்டனையும் முதலில் வேறு பிரித்து உணர்தல் வேண்டும். நூறு மூட்டைகளைச் சுமந்து வரும் சரக்கு வண்டி ஒரே நடையில் பெரும் பொருளைக் கொணரும். ஆனால், ஒரு கடிதத்தை விரைந்து சேர்ப்பிப்பதற்கு மிதிவண்டியில் செல்லும் ஆளே போதும். ஒரு விநாடியில் எவ்வளவு செய்தி வந்து சேர்கின்றது என்பது வேகம். ஒரு செய்தி புறப்பட்டுச் சென்று சேர எத்துணை நேரமாகின்றது என்பது தாமதம். விளம்பரங்கள் பெரும்பாலும் முன்னதையே பறைசாற்றுகின்றன. பின்னதைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை.

திரைப்படம் பார்ப்பவருக்கு வேகமே போதுமானது. படம் முன்னரே எடுக்கப்பட்டு முடிந்த ஒன்று. ஆகவே, வரவிருக்கும் காட்சிகளைச் சில விநாடிகளுக்கு முன்பே வரவழைத்து, தொட்டியில் நீரைத் தேக்குவது போலத் தேக்கி வைத்துக்கொள்ளலாம். இடையில் வரவு சற்றுத் தடைப்பட்டாலும் பார்ப்பவர் அதனை அறியார். விளையாட்டில் இது இயலாது. எதிரில் ஆடுபவர் அடுத்து என்ன செய்வார் என்பதை அவரே இன்னும் எண்ணவில்லை. எண்ணப்படாத ஒன்றை எங்ஙனம் முன்னரே வரவழைப்பது?

விளையாட்டுகள் பலவற்றில் திரைக்காட்சி விநாடிக்கு 60 முறை மாறுகின்றது. ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலம் 17 மில்லிவிநாடிக்கும் சற்றுக் குறைவு. பொத்தானை அழுத்தியவுடன் எழும் செய்தி மிகச் சிறியது. அதனைச் சுமக்க அகன்ற வழி வேண்டுவதில்லை. ஆயின், அது காலந்தவறாமல் சென்று சேர வேண்டும். ஒரு செய்தி 20 மில்லிவிநாடியிலும், அடுத்தது 90 மில்லிவிநாடியிலும், மூன்றாவது மீண்டும் 20 மில்லிவிநாடியிலும் வருமாயின், ஓடி வரும் வீரன் திரையில் தயங்கி நிற்பான். பின்பு திடீரென்று பத்தடி தாண்டித் தோன்றுவான். நிலையான தாமதத்துக்குக் கை ஒருவாறு பழகிக்கொள்ளும். நிலையற்ற தாமதத்துக்கு எந்தக் கையும் பழகாது.

இந்த நிலையின்மை கம்பியில்லா முறையில் மிகுந்திருப்பது ஏன்? இதனை அறிவதற்கு ஹவாய்த் தீவுகளின் வரலாறு துணை செய்யும். பசிபிக் மாக்கடலின் நடுவே சிதறிக் கிடக்கும் அத்தீவுகளில் பல்கலைக்கழகத்தின் கிளைகள் இருந்தன. ஒரு தீவிலுள்ள கணிப்பொறியைப் பிற தீவுகளிலுள்ளோரும் பயன்படுத்த வேண்டும், தொலைபேசிக் கம்பிகளோ செலவு மிக்கவை, நம்பத்தக்கனவும் அல்ல. நார்மன் ஆப்ராம்சன் என்னும் பேராசிரியரும் அவர்தம் குழுவினரும் வானொலி அலைகளின் வழியே செய்திகளை அனுப்பும் முறையொன்றை வகுத்தனர். 1971ஆம் ஆண்டில் தொடங்கிய அதற்கு அலோஹாநெட் என்பது பெயர். ஆப்ராம்சன் கடலலைகளின் மீது பலகையிற் சறுக்கி விளையாடுவதில் பெருவிருப்பமுடையவர். அலைகளை ஆள்வது அவருக்கு இரு வகையிலும் கைவந்தது போலும்!

அலோஹாநெட்டில் ஒரு சிக்கல் இருந்தது. நிலையங்கள் யாவும் கணிப்பொறியை நோக்கி ஒரே அலைவரிசையில் பேசின. இருவர் ஒரே நேரத்தில் அனுப்பினால் செய்திகள் மோதிச் சிதைந்தன. அதற்கு அவர்கள் கண்ட தீர்வு எளியது. செய்தி கிடைத்தது என்னும் மறுமொழி வராவிட்டால், அனுப்பியவர் சிறிது நேரம் காத்திருந்து மீண்டும் அனுப்ப வேண்டும். காத்திருக்கும் நேரம் ஆளுக்கு ஆள் வேறுபட வேண்டும். இன்றேல் மீண்டும் மோதுவர். ஆகவே, அந்நேரத்தைக் குருட்டாம்போக்கில் தேர்ந்துகொள்ளுமாறு செய்தனர். முறை நன்று. ஆயின், அம்முறையில் அலைவழியின் முழு ஆற்றலில் நூற்றுக்கு 18 பங்குக்கு மேல் பயன்கொள்ள இயலாது என்பது கணக்கால் புலனாயிற்று.

இவ்வாய்வைப் படித்த ராபர்ட் மெட்காஃப் என்னும் அமெரிக்கர், கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் அதே கருத்தை ஒரு கம்பிக்குள் அடக்கினார். பேசுமுன் கம்பியில் வேறு எவரேனும் பேசுகின்றனரா என்று கேட்டுப் பார்த்தல், மோதல் நேர்ந்தால் உடனே நிறுத்துதல் ஆகிய ஒழுங்குகளைச் சேர்த்தார். 1973ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பில் அதற்கு ஈதர்நெட் என்று பெயரிட்டார். ஒளி செல்வதற்கு ஊடகமாக ஈதர் என்னும் நுண்பொருள் எங்கும் பரவியுள்ளது என்று 19ஆம் நூற்றாண்டின் அறிஞர் நம்பினர். அப்படி ஒன்று வேண்டுவதில்லை என்று பின்னர்த் தெளிவாயிற்று. இல்லாத பொருளின் பெயர் இருக்கின்ற கம்பிக்கு வந்து சேர்ந்தது. கன்சோலின் பின்புறத்துத் துளைக்கும் ஈதர்நெட் துளை என்றே பெயர். கம்பி முறையே கம்பியில்லா முறையின் குழந்தை என்பதைப் பலர் அறியார்.

பின்னர், கம்பி முறை பெரிதும் மாறியது. தொடக்கத்தில் பலர் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டனர். இன்று ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிக் கம்பி உண்டு. அதனுள் எட்டு இழைகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு இணைகளாக அமைந்துள்ளன. வெளியிலிருந்து வரும் மின்குழப்பம் ஓரிணையின் இரண்டு இழைகளையும் ஒரே அளவில் தாக்கும். பெறும் முனையோ இரண்டன் வேறுபாட்டை மட்டுமே கணக்கிடும். ஆதலின் குழப்பம் தானே கழிந்துவிடும். இம்முறுக்கின் பயனைத் தொலைபேசிக்காகக் கண்டு 1881ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றவர் கிரகாம் பெல். இத்தகைய கம்பியில் 100 மீட்டர் தொலைவு வரை செய்தி பழுதின்றிச் செல்லும். ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் கூடும். மோதல் என்பதே இல்லை.

வை-ஃபையோ இன்றும் ஹவாயின் நிலையிலேயே பெரும்பாலும் உள்ளது. அதன் முதல் தரநூல் 1997இல் வெளிவந்தது. ரவுட்டரும் கன்சோலும் கைப்பேசிகளும் ஒரே அலைவழியைப் பகிர்கின்றன. ஒரு நேரத்தில் ஒருவரே பேசலாம். பேசுமுன் கேட்டுப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். மறுமொழி வராவிடின் மீண்டும் அனுப்ப வேண்டும். சுவருக்கு அப்பாலுள்ள அண்டை வீட்டாரின் ரவுட்டரும் இப்போட்டியில் சேர்கின்றது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் அமெரிக்காவில் 11 அலைவழிகள் வகுக்கப்பட்டிருப்பினும், அவற்றுள் ஒன்றன்மேல் ஒன்று படியாதவை மூன்றே. மைக்ரோவேவ் அடுப்பும் இதே பகுதியில்தான் இயங்குகின்றது. உணவு சூடாகும் இரண்டு நிமிடத்தில் ஆட்டத்தில் ஒருவர் தோற்றுப்போதலும் கூடும். 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் நெரிசல் குறைவு. ஆனால் அவ்வலைகள் சுவரைக் கடக்கும்போது மிகுதியும் தளர்ந்துவிடும். வை-ஃபை 6 முதலிய புதிய முறைகளில் ரவுட்டரே கருவிகளுக்கு நேரத்தைப் பங்கிட்டு அளிப்பதால் நிலைமை ஓரளவு சீர்ப்பட்டுள்ளது.

கன்சோல்களின் வரலாறும் கம்பிக்கும் அலைக்கும் இடையே ஊசலாடியதே ஆகும். 1998இல் ஜப்பானில் வெளிவந்த டிரீம்காஸ்ட் தொலைபேசிக் கம்பியை நம்பியது. 2001இல் வந்த எக்ஸ்பாக்ஸில் ஈதர்நெட் துளை அமைந்திருந்தது; வை-ஃபை இல்லை. 2006இல் வந்த வீயில் வை-ஃபை இருந்தது. கம்பிக்குத் தனிக் கருவி வாங்க வேண்டியிருந்தது. 2017இல் வந்த ஸ்விட்சிலும் அவ்வாறே. மறு ஆண்டு அக்கருவிக்காகச் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் என்னும் ஆட்டத்தை ஆக்கிய மசாஹிரோ சகுராய், இணையத்தில் ஆடுவோர் கம்பி இணைப்பைப் பயன்படுத்துதல் நலம் என்று அறிவுறுத்தினார். 2021இல் வந்த ஸ்விட்ச் ஓஎல்ஈடி வகையின் தாங்கியில் ஈதர்நெட் துளை இடம்பெற்றது.

அவர் அறிவுறுத்தியதில் ஒரு நீதி அடங்கியுள்ளது. இருவர் நேருக்கு நேர் மோதும் ஆட்டத்தில், ஒருவரது இணைப்பின் தடுமாற்றம் அவரை மட்டும் தாக்குவதன்று; கம்பியைச் செருகிக் காத்திருக்கும் எதிராளியின் திரையும் தடுமாறுகின்றது. ஒருவரது சோம்பலின் விலையை மற்றவரும் கொடுக்க நேர்கின்றது. அதனாலன்றோ 2023இல் வெளிவந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, எதிராளி கம்பியில் இருக்கின்றாரா, வை-ஃபையில் இருக்கின்றாரா என்பதைச் சிறு குறியால் முன்னரே காட்டிவிடுகின்றது! வை-ஃபைக் குறியைக் கண்டதும் ஆட மறுப்போரும் உளர். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க இயலாதவரும், ரவுட்டர் வேறு மாடியில் அமைந்தவரும் இதனாற் புண்படுவர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் தகும். அவர்கள் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியைத் தேர்ந்து, ரவுட்டரைக் கன்சோலின் பார்வையில் படுமாறு வைத்தாலே பெரும்பகுதித் தடுமாற்றம் நீங்கும். தனித்து ஆடுவோர்க்கும், முறை வைத்து மெல்ல ஆடும் சதுரங்கம் போன்றவற்றை விரும்புவோர்க்கும் கம்பி வேண்டுவதே இல்லை.

கம்பியால் தீராத தாமதமும் ஒன்று உண்டு. டோக்கியோவுக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் இடையே நேர்த்தொலைவு ஏறத்தாழ 8,800 கிலோமீட்டர். கடலடிக் கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். ஆகவே, ஒரு செய்தி போய்த் திரும்புவதற்கு 88 மில்லிவிநாடியேனும் ஆகும். இழை நேராகச் செல்லாமையால் உண்மையில் இதனினும் மிகும். வீட்டினுள் இழுத்த கம்பி இந்த 88இல் ஒன்றையும் குறைக்காது. இதனால்தான் விளையாட்டு நிறுவனங்கள் பல நாடுகளில் தம் கணிப்பொறிகளை நிறுவி, அருகிலிருப்போரை அருகிலிருப்போருடனேயே ஆடவிடுகின்றன.