வாட் எண்ணை நம்பி ஸ்பீக்கர் வாங்கலாமா? குறைந்த விலையில் நல்ல ஒலியைக் கண்டறியும் வழிகள்

திருவனந்தபுரம்: ஓணம் நெருங்கும் ஆவணி மாதம், கேரளத்தில் மின்னணுப் பொருள்களின் விற்பனை சூடுபிடிக்கும் காலம். தொலைக்காட்சி, சலவை இயந்திரம் ஆகியவற்றோடு, வீட்டில் பாட்டுக் கேட்பதற்கான புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களும் தள்ளுபடி அறிவிப்புகளில் இடம்பெறுகின்றன. இதற்காக ரூ.10,000 முதல் ரூ.30,000 வரை செலவிட முன்வரும் நடுத்தரக் குடும்பங்கள், அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும் வாட் எண்ணையும், கடையில் ஐந்து நிமிடம் ஒலித்த பாடலையும் வைத்தே பெரும்பாலும் முடிவெடுக்கின்றன. அந்த ஸ்பீக்கர் வீட்டில் எப்படி ஒலிக்கும் என்பதை இவ்விரண்டும் சொல்வதில்லை.

புத்தக அலமாரியில் வைக்கும் அளவுக்குச் சிறிய பெட்டியில் நல்ல ஒலி சாத்தியம் என்பது புதிய செய்தி அல்ல. அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர், காற்றுப் புகாதபடி மூடிய சிறிய பெட்டியிலும் ஆழ்ந்த ஒலியைப் பெறலாம் என்பதை 1954-ம் ஆண்டில் தமது ஏஆர்-1 ஸ்பீக்கர் மூலம் நிறுவினார். 1970-களின் தொடக்கத்தில் பிபிசி நிறுவனம், வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளில் ஒலியைச் சரிபார்ப்பதற்காக எல்எஸ்3/5ஏ என்ற ஸ்பீக்கரை உருவாக்கியது. அதன் உயரம் சுமார் 30 சென்டிமீட்டர் மட்டுமே. மனிதக் குரலை இயல்பாக ஒலிக்கச் செய்ததற்காக அது இன்றும் பேசப்படுகிறது.

பெட்டியின் மேல் இருக்கும் எண்

'2,000 வாட் பிஎம்பிஓ' போன்ற அறிவிப்புகளுக்கு எந்தப் பொது அளவுகோலும் கிடையாது. கவனிக்க வேண்டியது ஆர்எம்எஸ் வாட் எனப்படும் தொடர்ச்சியான திறன்தான். ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே அமைந்த ஸ்பீக்கர்களில் இதைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பின்புறத்தில் அல்லது அடாப்டரில் அச்சிடப்பட்டுள்ள மின் அளவைப் பார்த்தால் போதும். 12 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் தரக்கூடியது 36 வாட் மின்சாரம். அதிலிருந்து 100 வாட் ஒலித்திறன் தொடர்ச்சியாக வெளிவர இயலாது.

வீட்டுக்கு அவ்வளவு திறன் தேவையும் இல்லை. 86 டெசிபல் உணர்திறன் கொண்ட ஒரு ஸ்பீக்கர், 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் 86 டெசிபல் ஒலி தரும். சுமார் 3 மீட்டர் தள்ளி அமர்ந்து இரு ஸ்பீக்கர்களையும் கேட்பவருக்கு அது ஏறத்தாழ 80 டெசிபலாகக் கிடைக்கும். வீட்டில் வழக்கமாகக் கேட்கும் ஒலி 70 முதல் 75 டெசிபல்தான். அதற்கு 1 வாட்டுக்கும் குறைவாகவே செலவாகிறது. தனியாவர்த்தனத்தின் உச்சத்தில் மிருதங்கம் 90 டெசிபலைத் தொட்டாலும், ஒரு ஸ்பீக்கருக்கு 10 வாட் அளவே தேவைப்படும். அதைவிட முக்கியமானது உணர்திறன். அது 3 டெசிபல் குறைந்தால், அதே ஒலிக்கு இரண்டு மடங்கு திறன் வேண்டியிருக்கும்.

'40 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்ற அறிவிப்பும் தனித்து நின்றால் பொருளற்றது. அந்த எல்லைக்குள் ஒலி எத்தனை டெசிபல் ஏறி இறங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் (எடுத்துக்காட்டாக, கூட்டல் கழித்தல் 3 டெசிபல்) அதை மற்றொன்றோடு ஒப்பிட முடியும். 4 அங்குல வூஃபர் கொண்ட சிறிய பெட்டிக்கு 40 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தால் சந்தேகிப்பதே நல்லது. இந்தியச் சந்தையில் பலரும் அறிந்த எடிஃபையர் ஆர்1280டி, 4 அங்குல வூஃபர் கொண்டது. அதன் தயாரிப்பு நிறுவனம் குறிப்பிடும் கீழ் எல்லை 75 ஹெர்ட்ஸ்தான்.

75 ஹெர்ட்ஸ் போதுமா என்பது கேட்கும் இசையைப் பொறுத்தது. 1 கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் மத்திம ஸ்தாயி ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். தம்புராவின் மந்தர ஷட்ஜத் தந்தி அதில் பாதியாக, 65 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்த அடிப்படை அதிர்வைச் சிறிய ஸ்பீக்கர் முழுமையாகத் தராவிட்டாலும், அதன் மேல் எழும் துணை அதிர்வுகளைக் கொண்டு காதும் மூளையும் அந்தச் சுருதியை உணர்ந்துகொள்கின்றன. எனவே கர்நாடக இசை கேட்பவர் பெரிதாக எதையும் இழப்பதில்லை. திரைப்பாடல்களில் வரும் பாஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அதை விரும்பிக் கேட்பவர்கள் 5 அல்லது 6 அங்குல வூஃபரை நாடலாம். இல்லையெனில் பின்னாளில் தனி சப்வூஃபர் சேர்க்க வழியுள்ள மாதிரியை வாங்கலாம்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்பது

கடையில் நடக்கும் ஒப்பீடு பல நேரங்களில் காதை ஏமாற்றிவிடுகிறது. ஒரே பாடலை 1 டெசிபல் கூடுதலாக ஒலிக்கவிட்டாலே, 'இது சற்றுச் சத்தமாக இருக்கிறது' என்று எவருக்கும் தோன்றாது. 'இது தெளிவாக இருக்கிறது' என்றே தோன்றும். விலையும் தோற்றமும் இதைவிடப் பெரிய சூழ்ச்சி செய்கின்றன.

ஹர்மன் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் ஆகியோர் 1994-ம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதை வெளிச்சமிட்டுக் காட்டியது. அந்நிறுவனத்தின் ஊழியர்கள் 40 பேர், நான்கு ஸ்பீக்கர்களுக்கு இருமுறை மதிப்பெண் வழங்கினர். ஒருமுறை ஸ்பீக்கர்கள் கண்ணுக்குத் தெரிந்தன. மற்றொரு முறை திரைக்குப் பின்னால் மறைக்கப்பட்டன. பார்த்துக் கேட்டபோது பெரிய, விலையுயர்ந்த ஸ்பீக்கர்களின் மதிப்பெண் உயர்ந்தது. விலை குறைந்த சிறிய அமைப்பின் மதிப்பெண் சரிந்தது. திரை விழுந்ததும் அந்த இடைவெளி சுருங்கியது. ஸ்பீக்கர் நிறுவனத்தின் ஊழியர்களே இவ்வாறு மயங்கினர் என்பது குறிப்பிடத்தக்கது. மறைத்து வைத்து நடத்தப்பட்ட இத்தகைய சோதனைகளில், நேர்முகமாக ஏற்ற இறக்கமின்றியும் பக்கவாட்டில் சீராகவும் ஒலிக்கும் ஸ்பீக்கர்களையே பெரும்பாலோர் விரும்பினர்.

எனவே குடும்பத்தில் ஒருவர் திரும்பி நின்றுகொள்ள, மற்றொருவர் ஸ்பீக்கரை மாற்றுவது விளையாட்டுத்தனமான யோசனை அல்ல. கைப்பேசியில் உள்ள ஒலி அளவுமானிச் செயலியைக் கொண்டு இரண்டின் சத்தத்தையும் முதலில் சமப்படுத்திக்கொள்வது அவசியம். புளூடூத் இணைப்பைத் தவிர்த்து கம்பி வழியாகவே ஒப்பிடுவது மேலும் நம்பகமானது.

எந்தப் பாடலை ஒலிக்கவிடுவது? கடைக்காரர் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் பாடலைத் தவிர வேறு எதுவாகவும் இருக்கலாம். பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய பதிவே சிறந்த அளவுகோல். 1939-ல் தொடங்கப்பட்ட இசைக் கல்லூரியும், அதன் முதல்வராக நெடுங்காலம் பணியாற்றிய செம்மங்குடி சீனிவாச ஐயரின் நினைவும் உள்ள இந்நகரில், பழைய ஒற்றைத் தட ஒலிப்பதிவுகளை வைத்திருக்கும் இல்லங்கள் பல. உச்ச அதிர்வுகளைச் சோதிக்க அப்பதிவுகள் உதவாது. ஆயினும் ஒரு சோதனைக்கு அவற்றைவிட ஏற்றது இல்லை. இரு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே அமர்ந்து கேட்டால், பாடகரின் குரல் வெற்றிடத்தில் ஒரே புள்ளியிலிருந்து வர வேண்டும். குரல் ஒரு பக்கம் சாய்ந்தாலோ சுவர் முழுதும் பரவினாலோ, இரு பெட்டிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அல்லது ஒன்றில் கம்பி தலைகீழாக இணைக்கப்பட்டுள்ளது என்று பொருள்.

அடுத்து, வானொலிச் செய்தி வாசிப்பு. மார்புக்குள்ளிருந்து வருவதுபோல் குரல் கனத்தால், கீழ் அதிர்வு மிகுதி. 'ச', 'ஸ' ஒலிகள் ஊசிபோல் குத்தினால் ட்வீட்டர் கூர்மை அதிகம். அரை மணி நேரத்தில் காது களைத்துவிடும். செண்டை மேளத்தின் அடிகள் தனித்தனியாகக் கேட்கின்றனவா, ஒரே இரைச்சலாகக் கலந்துவிடுகின்றனவா என்பதும் பார்க்கத்தக்கது.

அறையும் ஒரு கருவியே

வழவழப்பான தரை ஓடுகள், பூசப்பட்ட சுவர்கள், கான்கிரீட் கூரை ஆகியவை கொண்ட இன்றைய கேரள வீடுகளில் ஒலி எளிதில் அடங்குவதில்லை. நடுக்கூடத்தில் ஒருமுறை கைதட்டினால் எதிரொலிக்கும் சலசலப்பே அதற்குச் சான்று. தடித்த திரைச்சீலையும், தரையில் ஒரு கனத்த விரிப்பும், சுவரோரம் நிறைந்த புத்தக அடுக்கும் தரும் மாற்றம், ஸ்பீக்கருக்கு மேலும் ரூ.10,000 செலவிட்டுக் கிடைக்கும் மாற்றத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடும்.

10 அடி அகலமும் 10 அடி உயரமும் கொண்ட அறைகளில் மற்றொரு சிக்கல் உண்டு. இரு திசையிலும் ஒலி ஒரே 56 ஹெர்ட்ஸ் அளவில் தங்கி அதிர்வதால், அந்தச் சுரம் வரும்போதெல்லாம் அறையே முழங்கும். இரும்பு பீரோ இருந்தால் அதுவும் சேர்ந்து தாளம் போடும். பின்புறத் துளை கொண்ட ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைத்தால் இந்த முழக்கம் கூடும். ஒரு சாண் அளவேனும் முன்னே இழுத்து வைக்க இடமில்லாதவர்கள், முன்புறத் துளை கொண்டதையோ மூடிய பெட்டியையோ தேர்வது நல்லது. ட்வீட்டர், அமர்ந்திருப்பவரின் காது மட்டத்தில் இருக்க வேண்டும். இரு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் சம பக்க முக்கோணமாக அமைந்தால் சிறப்பு.

ஈரக்காற்றும் உப்பும்

தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளையும் பெறும் கடலோர நகரம் திருவனந்தபுரம். வூஃபர் கூம்பைச் சுற்றியுள்ள நெகிழ்வான வளையம் பாலியூரித்தேன் நுரையால் ஆனது என்றால், காற்றிலுள்ள ஈரம் அதைச் சில ஆண்டுகளில் பொடியாக உதிரச் செய்யும். ரப்பர் வளையம் பல மடங்கு நீடிக்கும். விரலால் மெல்லத் தொட்டாலே வேறுபாடு தெரிந்துவிடும். மரத்தூள் பலகையால் செய்த பெட்டியின் பின்புற விளிம்புகளும் கவனிக்கத்தக்கவை. மேலுறை ஒட்டப்படாத விளிம்பில் ஈரம் ஏறினால் பலகை உப்பிவிடும். மழைக்காலத்தில் வெளிச்சுவரின் ஈரம் படியும் பக்கம் ஸ்பீக்கரை வைக்காமல் இருப்பதும், வாரம் ஒருமுறையேனும் இயக்குவதும் பயன் தரும். நீண்ட நாள் ஊருக்குச் செல்பவர்கள் ஒலித்துளையைத் துணி கொண்டு அடைத்துவிட்டுச் செல்லலாம். எறும்புக்கும் பல்லிக்கும் அது தோதான குடியிருப்பு.

விலை ஒப்பிடும்போது, ஆம்ப்ளிஃபையர் உள்ளமைந்த ஜோடியையும், தனி ஆம்ப்ளிஃபையர் தேவைப்படும் ஜோடியையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. பின்னதற்கு ஆம்ப்ளிஃபையர், கம்பி ஆகியவற்றின் விலையும் சேரும். முன்னதில் ஆம்ப்ளிஃபையர் பழுதானால், முழுப் பெட்டியையும் சேவை மையத்துக்குக் கொண்டுசெல்ல நேரும். அம்மையம் நகரிலேயே உள்ளதா, இறக்குமதிப் பொருளாயின் இந்தியாவில் செல்லுபடியாகும் உத்தரவாதம் உண்டா என்பதைப் பணம் செலுத்தும் முன்பே கேட்டறிய வேண்டும். ரசீதில் மாதிரி எண்ணும் வரிசை எண்ணும் எழுதப்பட்டிருப்பது அவசியம். விற்பனையாளர் உத்தரவாதத்தை மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யலாம்.