கைவானொலியின் தூரம்: வலுவா, உயரமா?

2023 ஜனவரி 27 அன்று ஒக்லாந்தில் பெய்த பெருமழையும், இரு கிழமைகளின் பின் வந்த கேப்ரியல் சூறாவளியும் எமக்கு ஒன்றை உணர்த்தின. கைத்தொலைபேசியின் பின்னால் மின்சாரமும் கோபுரமும் கேபிளும் இருக்கின்றன. இவற்றில் ஒன்று அறுந்தாலும் அது வெறும் கண்ணாடித் துண்டு. கிஸ்போண் நகரம் கேபிள்கள் அறுந்து வெளியுலகத் தொடர்பையே இழந்தது. எமக்கு அண்மையில், முரிவாய் மண்சரிவில் இரு தொண்டர் தீயணைப்பாளர்கள் உயிரிழந்தனர். இத்தகைய நாளில் மாசியில் உள்ள ஒரு முதியவரை அடுத்த தெருவில் உள்ளவர் எப்படித் தொடர்பு கொள்வது? கைவானொலி, அதாவது எமது பேச்சுவழக்கில் வோக்கி, ஒரு விடை. ஆனால் அதைப் பற்றி எம்மிடையே நிலவும் கருத்துகள் பெரும்பாலும் பிழையானவை.

முதற் பிழை, வலு கூடினால் தூரம் கூடும் என்பது. கடைகளில் விற்கும் பெட்டிகளில் பத்து, இருபது, சிலவேளை ஐம்பது கிலோமீற்றர் என்றுகூட அச்சிட்டிருப்பார்கள். இது ஒரு மலையுச்சியிலிருந்து இன்னொரு மலையுச்சிக்கு, நடுவில் எதுவும் இல்லாதபோது கிடைக்கும் கணக்கு. கைவானொலியின் அலைகள் ஏறக்குறைய ஒளியைப் போலவே நேர்கோட்டிற் செல்பவை. சிற்றலை வானொலி வான்மண்டலத்திற் பட்டுத் திரும்பிக் கண்டம் தாண்டும். இது அப்படித் திரும்பாது. பூமியின் வளைவே இதற்கு எல்லை.

அந்த எல்லையைக் கணக்கிடுவது எளிது. அன்ரெனாவின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆற் பெருக்கினால், அடிவானத்தின் தூரம் கிலோமீற்றரில் வரும். நின்றபடி பேசுபவரின் அன்ரெனா ஒன்றரை மீற்றரில் இருந்தால் ஏறக்குறைய 5 கிலோமீற்றர். எதிரே இருப்பவருக்கும் அவ்வளவே, இருவருக்குமாகப் பத்து. இது வெறும் கடற்பரப்பிற்கான கணக்கு. வீடுகளும் மரங்களும் நிறைந்த புறநகரில் ஒன்றிரண்டு கிலோமீற்றர் கிடைத்தாலே நல்லது. அதே கருவியோடு நூறு மீற்றர் உயரமான குன்றில் ஏறினால் அடிவானம் 41 கிலோமீற்றருக்கு விலகுகிறது.

வலுவைக் கூட்டினால்? நியூசிலாந்தில் உரிமக் கட்டணமோ பரீட்சையோ இன்றி எவரும் பாவிக்கக்கூடிய 477 மெகாஹேட்ஸ் அளவிலான 80 அலைவரிசைகளில் உச்சவலு 5 வாற். தடையற்ற வெளியிலேயே தூரத்தை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு வலு வேண்டும். நிலத்தை ஒட்டிப் பேசும்போது, நிலத்திற் பட்டுத் தெறிக்கும் அலை நேரலையைக் குலைப்பதால், ஏறக்குறைய பதினாறு மடங்கு வேண்டும். அரை வாற் கருவியைக் கொடுத்து 5 வாற் கருவி வாங்குபவர் பத்து மடங்கு வலுவைப் பெற்றும் தூரத்தை இரட்டிப்பாக்கக்கூட முடியாது. மாடிப்படி ஏறுபவர் அதைச் செலவின்றிச் செய்கிறார்.

ஆகவே செய்யவேண்டியவை இவை. யன்னலருகே, முடிந்தால் வீட்டுக்கு வெளியே, உயரத்தில் நின்று பேசுங்கள். கருவியை முகத்துக்கு நேரே, அன்ரெனா செங்குத்தாக நிற்கப் பிடியுங்கள். இடுப்பிற் செருகியிருந்தால் உடம்பே அலையை உறிஞ்சிவிடும். இந்த அலையின் நீளம் ஏறக்குறைய 63 சென்ரிமீற்றர். அதன் காற்பங்கான 16 சென்ரிமீற்றருக்குக் குறைந்த குட்டை இறப்பர் அன்ரெனாக்கள் செயற்றிறன் குறைந்தவை. காருக்குள் இருந்து பேசினால் உலோகக் கூடு தடுக்கும். கூரைமேல் வைக்கும் அன்ரெனா நல்லது. வீட்டுக் கூரையில் அன்ரெனா பூட்டுபவர்கள் கேபிளைக் கவனிக்கவேண்டும்: மெல்லிய கேபிள் பத்து மீற்றர் ஓடினால் வலுவில் பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும்.

மலை குறுக்கே நின்றால் இவை எதுவும் உதவா. மாசிக்கும் பீஹாவுக்கும் இடையே 474 மீற்றர் வரை உயரும் வைற்றாக்கரே மலைத்தொடர் இருக்கிறது. அங்கே வேண்டியது மேலே நின்று ஒரு அலைவரிசையிற் கேட்டு இன்னொன்றில் திருப்பிச் சொல்லும் மறுஒலிபரப்பி. ஆனால் அதற்கும் மின்சாரம் வேண்டும். அது நின்றுபோனால், இரு பக்கமும் கேட்கக்கூடிய இடத்தில் நிற்கும் ஒரு மனிதர் அதே வேலையைச் செய்யலாம்.

இரண்டாவது பிழை, இதில் இரகசியம் பேசலாம் என்பது. கருவிகளில் உள்ள ‘தனிக் குறியீடு’ மற்றவர் பேச்சு உங்களுக்குக் கேட்காமற் செய்யுமே தவிர, உங்கள் பேச்சை மறைக்காது. அந்த அலைவரிசையில் இருக்கும் எவரும் கேட்கலாம். ஒட்டுக்கேட்கப்படுவதன் விலையை அறிந்த எமக்கு இது புதிதல்ல. நோயாளியின் பெயரையும், ஆளில்லாத வீட்டின் முகவரியையும் அதிற் சொல்லக்கூடாது.

மூன்றாவது, எம்மவரிற் பலர் வாய்விட்டுச் சொல்லாத ஒரு தயக்கம். எமக்கு வோக்கி ஆயுதத்தோடு சேர்ந்து வந்த பொருள். இராணுவத்திடம் இருந்தது, இந்திய அமைதிப்படையிடம் இருந்தது, இயக்கங்களிடம் இருந்தது. மக்களிடம் இருக்கவில்லை. 1990களில் வடக்கில் பற்றரியே தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் செய்தி கேட்டார்கள். கேட்பதற்கு மட்டுமே சனங்களுக்கு வழி இருந்தது. பேசும் கருவி அதிகாரத்தின் கையில். எவரிடமும் அனுமதி கேளாமல் ஒரு சாதாரண மனிதர் அலைவரிசையிற் பேசலாம் என்பதை எமது மனம் இன்னும் நம்ப மறுக்கிறது. இத் தயக்கத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அதற்கு விலையாக, வெள்ளத்தில் ஒரு முதியவர் தனித்துவிடக்கூடாது.

ஐந்தாறு வீடுகள் ஒரே அலைவரிசையைத் தெரிவுசெய்து, கிழமைக்கு ஒருமுறை குறித்த நேரத்திற் பேசிப் பார்க்கட்டும். யாருக்கு யார் கேட்கிறது என்று ஒரு தாளிற் குறிக்கட்டும். உயரமான வீட்டில் இருப்பவர் இடைநிலையாக நிற்கட்டும். பேசும்போது செலவாகும் மின்சாரம் கேட்கும்போது செலவாவதைவிடப் பலமடங்கு என்பதால், சுருக்கமாகப் பேசப் பழகட்டும். எங்கெங்கே கேட்காது என்பதை மழை வருவதற்கு முன்பே தெரிந்து வைத்திருக்கவேண்டும்.