நால்வர் பாடும் முதியவர் பாட்டு

சங்கீதம் என்றால் ஒருவர் பாட மற்றவர்கள் கேட்பது என்பதே நம்மில் பெரும்பாலோர் கொண்டுள்ள எண்ணம். பலர் கூடிப் பாடும் பஜனையிலும் கும்மியிலும்கூட எல்லாரும் பாடுவது ஒரே மெட்டைத்தான். உரத்த குரலுடையவர் முன்னே நிற்பார். குரல் தளர்ந்தவர் மெள்ளப் பின்வரிசைக்கு ஒதுங்கிவிடுவார். மேனாட்டில் இதற்கு வேறான ஒரு முறை பல நூற்றாண்டுகளாக வழங்கி வருகிறது. நால்வர் கூடினால் அந்நால்வரும் வெவ்வேறு மெட்டுக்களை ஒரே வேளையில் பாடுவர். அவை நான்கும் இணைந்து ஒரே பாட்டாக நம் செவியில் விழும். சேர்ந்திசை எனப்படும் இம்முறையில், ஜோசப் ஹைடன் என்ற மாமேதை தம் முதிய பருவத்தில் இயற்றிய சில பாட்டுக்களைப் பற்றியும், அவற்றுள் ஒன்று அவருடைய வாழ்வோடு பின்னிக்கொண்ட வரலாற்றைப் பற்றியும் அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்த எனக்கும் மேனாட்டுச் சங்கீதத்துக்கும் எட்டாத தூரம். இங்கே மும்பையில் என் மேசைக்கு அடுத்த மேசையில் வேலை பார்க்கும் கோவா நண்பர் ஒருவர் ஞாயிறுதோறும் மாதா கோவிலில் பாடுபவர். அவர்தாம் ஒரு நாள் மதிய உணவு வேளையில் இப்பாட்டுக்களைக் கைப்பேசியில் ஒலிக்கச் செய்து எனக்கு அறிமுகப்படுத்தினார். "நான்கு பேர் நான்கு விதமாகப் பாடினால் அது கூச்சல் ஆகாதோ?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, கண்ட்ரோல் ஆபீஸில் நாங்கள் அன்றாடம் காணும் ரயில் ஓட்ட வரைபடத்தை நினைவூட்டினார். அதில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு உண்டு. ஒன்று விரைந்து சாயும். ஒன்று மெதுவாக நகரும். ஒன்று ஓரிடத்தில் நின்று மற்றொன்றுக்கு வழிவிடும். எல்லாம் தத்தம் போக்கில் போவதாகத் தோன்றினாலும், சந்திக்க வேண்டிய நிமிஷத்தில் சந்திக்கும். ஒரு கோட்டை அழித்தால் மற்றவற்றின் கணக்கும் கெட்டுவிடும். சேர்ந்திசையின் இலக்கணமும் அதுவே என்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது.

அந்த நான்கு குரல்கள் எவை? பெண்களின் மேற்குரல் ஸோப்ரானோ. அவர்களின் கீழ்க்குரல் ஆல்ட்டோ. ஆண்களின் மேற்குரல் டெனர். அவர்களின் கீழ்க்குரல் பாஸ். மெட்டு பெரும்பாலும் ஸோப்ரானோவிடம் இருந்தாலும், கட்டடத்தைத் தாங்கும் அஸ்திவாரம் பாஸ் குரலே. கேட்பவர் காதில் அது தனித்து விழாமல் போகலாம். ஆனால் அது நின்றுவிட்டால் மேலே உள்ளவை அந்தரத்தில் தொங்குவது போல் ஆகிவிடும்.

ஹைடன் 1732-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் தேதி ஆஸ்திரியாவில் ரோராவ் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளி. தாய் ஒரு பிரபுவின் மாளிகையில் சமையல் வேலை செய்தவர். தந்தைக்கு ஸ்வரம் எழுதவும் படிக்கவும் தெரியாது. ஆயினும் மாலை வேளைகளில் யாழ் போன்ற ஹார்ப் என்னும் வாத்தியத்தை மீட்ட, வீட்டார் கூடிப் பாடுவார்களாம். வீட்டில் கூடிப் பாடும் அந்த ருசி சிறுவனுடைய நெஞ்சில் அப்போதே பதிந்துவிட்டது. சுமார் 8 வயதில் வியன்னா நகரத்து ஸ்டீபன் தேவாலயப் பாடகர் குழுவில் அவர் சேர்த்துக்கொள்ளப்பட்டார். பதினேழு வயதளவில் குரல் உடைந்தது, வெளியே அனுப்பப்பட்டார். குரல் போனவனுக்கு அக்குழுவில் இடமில்லை. தங்க இடமும் கையில் பொருளுமின்றி அவர் அந்நகரத் தெருக்களில் அலைந்த காலம் ஒன்று உண்டு.

பின்னர் 1761-இல் எஸ்டர்ஹாஸி என்ற செல்வக் குடும்பத்தின் ஆஸ்தானத்தில் வேலை கிடைத்தது. அந்த நியமன உத்தரவைப் பற்றிப் படித்தபோது, உத்தியோகம் பார்க்கும் எனக்கே வியப்பாக இருந்தது. குறித்த உடையணிந்து வர வேண்டும். காலையிலும் பிற்பகலிலும் பிரபுவின் முன்கூடத்தில் நின்று, இன்று சங்கீதம் உண்டா என்று உத்தரவு கேட்க வேண்டும். இயற்றும் உருப்படிகள் பிரபுவுக்கே உரியவை. அவர் அனுமதியின்றிப் பிறருக்கு எழுதித் தரலாகாது! மேதையாயினும் ஊழியர் ஊழியரே. ஏறத்தாழ 30 ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1790-இல் பழைய பிரபு மறைந்து, அடுத்து வந்தவர் வாத்தியக் குழுவைக் கலைத்த பிறகே அவருக்குக் கால்கட்டு அவிழ்ந்தது. இருமுறை லண்டன் சென்று பெரும்புகழும் பொருளும் ஈட்டினார். அந்நகரில் கனவான்கள் விருந்துக்குப் பின் கூடியமர்ந்து பலகுரல் பாட்டுக்களைப் பாடி மகிழும் வழக்கத்தையும் கண்டார். 1795-இல் வியன்னாவுக்கே மீண்டார்.

இப்பாட்டுக்களை அவர் தொடங்கியது 1796-ஐ ஒட்டி. அப்போது வயது 64. அடுத்த சில ஆண்டுகளில் பதின்மூன்று பாட்டுக்கள் உருவாயின. நான்கு பாட்டுக்கள் மூவர் பாடுவதற்கு. ஒன்பது நால்வர் பாடுவதற்கு. எல்லாவற்றுக்கும் பியானோ துணை உண்டு. இவற்றை எந்தப் பிரபுவும் கேட்கவில்லை. எந்தத் தேவாலயமும் பணம் தரவில்லை. மகிழ்ச்சியான பொழுதுகளில், மனத்தின் விருப்பம் ஒன்றுக்காகவே இவற்றை இயற்றியதாக ஹைடனே பிற்காலத்தில் நண்பர்களிடம் கூறியிருக்கிறார். வாழ்நாளெல்லாம் உத்தரவு கேட்டு நின்ற மனிதர், யாருடைய உத்தரவும் இன்றிச் செய்த வேலை இது. 1803-இல் லைப்ஸிக் நகரத்துப் பிரெய்ட்கோப் ஹெர்ட்டல் பதிப்பகத்தார் இவற்றை அச்சிட்டனர்.

பதின்மூன்றில் சில கடவுளை நோக்கிய பாட்டுக்கள். மற்றவை உலகியல் பாட்டுக்கள்; நகைச்சுவை ததும்புபவை. மணவாழ்வின் ஒத்திசைவு என்ற பாட்டில் ஒரு தம்பதியின் ஒற்றுமை புகழப்படுகிறது. கணவனுக்குக் குடி பிடிக்கும், மனைவிக்கும் அப்படியே. அவனுக்குச் சூதாட்டம் பிடிக்கும், அவளுக்கும் அதுவே. பணத்தை எண்ணிப் பெருமிதம் கொள்வதிலும் இருவருக்கும் ஒரே மனம்! ஹைடனுடைய சொந்த இல்லறம் இனிமையற்றது என்பது உலகறிந்த செய்தி. ஆகவே இந்தப் பாட்டைக் கேட்கும்போது சிரிப்போடு சிறிது இரக்கமும் தோன்றாமல் இல்லை. கவி லெஸ்ஸிங் எழுதிய பேச்சுத்திறன் என்ற பாட்டோ, தண்ணீர் குடித்தால் மனிதன் ஊமையாவான், திராட்சை மது அருந்தினால் வாயாடியாவான் என்று வேடிக்கை பேசுகிறது. அப்பாட்டின் கடைசிச் சொல்லின் பொருளே ஊமை என்பதுதான். அதைப் பாடகர்கள் ஒலியின்றி உதட்டை மட்டும் அசைத்து முடிப்பதுண்டு. சபையோர் ஒரு கணம் திகைத்துப் பிறகு சிரித்துவிடுவார்கள்.

இனி, நான் சொல்ல வந்த பாட்டுக்கு வருகிறேன். அதன் பெயர் முதியவர். எழுதியவர் கிளைம் என்ற ஜெர்மானியக் கவி. பலமெல்லாம் போயிற்று, மூப்பும் தளர்ச்சியும் வந்தன என்று ஒரு கிழவர் சொல்வதாகத் தொடங்குகிறது. மிக மெதுவான நடை. வேடிக்கைப் பேச்சிலும் மதுவிலும் முன்போல் சுவையில்லை. கன்னத்துச் சிவப்பு மறைந்தது. சாவு வாசற்கதவைத் தட்டுகிறது. இவ்வளவு சொன்ன கிழவர் அழவில்லை. அஞ்சாமல் போய்க் கதவைத் திறக்கிறார். தம் வாழ்க்கை இனிதே இசைந்த ஒரு பாட்டாக அமைந்ததற்கு விண்ணுக்கு நன்றி சொல்லி முடிக்கிறார்.

இப்பாட்டை எழுதிய காலத்தில் ஹைடன் தளர்ந்தவர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். உலகப் படைப்பு என்ற மாபெரும் இசைக் காவியம் 1798-இலும், பருவங்கள் என்ற மற்றொரு காவியம் 1801-இலும் அரங்கேறின. ஆகவே அன்று அது வேறொருவர் எழுதிய கிழவர் பாட்டு; நண்பர்கள் கூடிப் பாடி மகிழ்வதற்கு ஒரு பொருள்; அவ்வளவே. ஆனால் சில ஆண்டுகளுக்குள் பாட்டு மெய்யாகிவிட்டது. 1803-இல் நான்கு தந்தி வாத்தியங்களுக்காக ஓர் உருப்படியைத் தொடங்கினார். நடுவில் வரும் இரண்டு பகுதிகள் முடிந்தன. முதலும் இறுதியும் எழுதக் கை ஓடவில்லை. உள்ளத்தில் எண்ணங்கள் ஊறின. உடல் ஒத்துழைக்க மறுத்தது.

அப்போது அவர் ஒன்று செய்தார். முதியவர் பாட்டின் தொடக்க அடியை, அதன் ஸ்வரங்களோடு தம் முகவரிச் சீட்டில் அச்சிட்டுக்கொண்டார். வரமுடியாத இடங்களுக்கும், எழுத முடியாத நண்பர்களுக்கும் அதுவே பதிலாகச் சென்றது. 1806-இல் அந்த முற்றுப்பெறாத உருப்படி அச்சானபோது, இறுதிப் பகுதி இருக்க வேண்டிய இடத்தில் அதே அடிதான் அச்சிடப்பட்டது. இசை நின்ற இடத்தில், ஏன் நின்றது என்பதற்கு அதுவே காரணம் கூறிற்று. அவருடைய நண்பரும் இசைப் புலவருமான ஸ்டாட்லர் என்ற பாதிரியார் இதைக் கண்டு சும்மா இருக்கவில்லை. பலம் போனாலும் அது படைத்தவை என்றும் நிலைக்கும் என்ற கருத்தில் ஒரு மறுமொழி அடியைச் சேர்த்து, இரண்டையும் இருகுரல் பாட்டாக அமைத்தார். ஒற்றைக் குரலாகப் புலம்பிய சீட்டுக்கு இரண்டாம் குரல் ஒன்று துணைக்கு வந்தது.

இதில் என் மனத்தைத் தொட்ட செய்தி ஒன்றுண்டு. சீட்டில் இருந்தது பாட்டின் தொடக்கம் மட்டுமே. அதைக் கண்டவர்கள் ஹைடன் முறையிடுகிறார் என்று எண்ணியிருப்பார்கள். முழுப் பாட்டையும் பாடியவர்களுக்கோ அது நன்றியில் முடிவது தெரியும். அந்த முடிவுக்கு ஒருவராகப் போய்ச் சேர முடியாது. சேர்ந்து செல்ல இன்னும் மூன்று குரல்கள் வேண்டும். தள்ளாமையைப் பற்றிய பாட்டைத் தனியொருவர் பாட எழுதாமல் நால்வர் பாட எழுதினாரே, அங்கேதான் ஹைடனுடைய உள்ளம் விளங்குகிறது. குரல் போனதால் தெருவுக்கு அனுப்பப்பட்ட அந்தப் பழைய சிறுவனின் நினைவும் எனக்கு இங்கே வருகிறது.

1809-ஆம் ஆண்டு மே 31-ஆம் தேதி, வியன்னா பிரெஞ்சுப் படையின் வசம் இருந்த நாட்களில், ஹைடன் காலமானார். அவருக்குப் பின் ஷூபர்ட், மெண்டல்ஸன், பிராம்ஸ் முதலிய பெரியோர்கள் இத்தகைய பாட்டுக்களை ஏராளமாக இயற்றினார்கள். நம் நாட்டிலும் இம்முறை வேரூன்றாமல் போகவில்லை. இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தோற்றுவித்து, பாரதியார் பாடல்களைப் பலகுரல் இசையாகப் பாடச் செய்தார். 1988-இல் அவர் மறையும் வரை அத்தொண்டு நடந்தது.

என் தந்தையார் ஊரில் மார்கழி பஜனையில் முன்னே நின்று பாடியவர். தாயார் காலமான பின் எங்களோடு இங்கே வந்துவிட்டார். நம் சங்கத்தில் பாட அழைத்தால், "என் குரல் போயிற்றடா, நான் எதற்கு?" என்று பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார். ஒரு நாள் இரவு இப்பாட்டை அவருக்குப் போட்டுக் காட்டினேன். மொழி தெரியாது, முறையும் புதிது. கண்ணை மூடிக் கேட்டார். பாட்டின் பொருளையும், ஹைடன் அதைச் சீட்டில் அச்சிட்ட கதையையும் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் கிழவர் குரல் எது?" என்று கேட்டார். "நாலு பேரும்தான் அப்பா, ஒருவர் தனியாக இல்லை" என்றேன். "இன்னொரு தடவை போடு" என்றார். இரண்டாம் முறை ஒலித்தபோது, அவருடைய விரல் தொடையில் மெதுவாகத் தாளம் போட்டதைக் கண்டேன். சிறிது நேரத்தில், கீழ்க்குரலோடு மிகத் தாழ்ந்த சுருதியில் அவர் முனகுவதும் கேட்டது.

அன்பர்களே, வரும் மார்கழியில் நம் சங்கத்தில் பஜனை கூடும். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களை ஒருவர் எழுந்து போய் அழைத்து வாருங்கள். மேல் ஸ்தாயி எட்டாவிட்டாலும் குற்றமில்லை. கீழே நின்று தாங்கவும் ஒரு குரல் வேண்டியிருக்கிறது.